மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஐந்தாம் மாடியில் அம்மா: 38-ஆம் நாளிலும் முழங்கால் 70 டிகிரிதான் மடங்குகிறது

பசுண்டாவுங் செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. சென்னையில் ஒரு மருத்துவமனையில் வலது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று அறுவை செய்து இன்றோடு 38 நாள்கள் ஆகின்றன. அறுவைக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் பக்கத்தில் எடுத்திருந்த அறைக்கு வந்துவிட்டோம். அங்கே தினமும் காலையில் பிசியோ பெண் ஒருவர் வந்து பயிற்சி கொடுத்தார். 24-ஆம் நாள் மருத்துவர் பார்த்தபோது கால் 85 டிகிரி வரை மடங்கியது. முழுதாக நீட்ட ஐந்து டிகிரிதான் குறைவாக இருந்தது. பயிற்சித் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, மியான்மரில் எங்கள் ஊரான யாங்கோனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு ஐந்தாம் மாடியில், லிப்ட் கிடையாது. தெருப் பிள்ளைகள் நான்கு பேர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அன்று ஏறியவர் இன்றுவரை இறங்கவில்லை. பார்க்க வந்த அத்தையும் சித்தியும் "புது மூட்டு ஊன்றும்வரை அசைக்காதே" என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே தலையணையும் வைத்துவிட்டுப் போனார்கள். பயிற்சி செய்யும்போது அம்மா அழுவதைப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று தெரிந்த நர்சு சயாமா (நர்சம்மா) ஒருவர் பாகைமானி வைத்துப் பார்த்ததில் மடங்குவது 70 ஆகக் குறைந்துவிட்டது. நீட்டும்போது 12 டிகிரி மிச்சம் நிற்கிறது. சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, இப்படியே போனால் மயக்கம் கொடுத்துக் காலை மடக்க வேண்டியிருக்கும் என்கிறார். ஓய்வு கொடுப்பதா, பயிற்சியைத் தொடர்வதா? எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

தாம்வே ராஜா எழுதியது:

தங்கச்சி, பயப்படாதே. என் அண்ணனுக்கும் இதே அறுவைதான். இரண்டு மாதம் படுக்கையில் வைத்து, தைலம் காய்ச்சித் தினமும் தொடையிலிருந்து பாதம் வரை நன்றாக உருவிவிட்டோம். இன்று கடைக்கும் கோயிலுக்கும் நடந்துதான் போகிறார். புண்பட்ட உடம்பை வதைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. உருவிவிடத் தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

இயன்முறை யாங்கோன் எழுதியது:

செல்வி அவர்களே, நான் இந்த ஊரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், இதை உங்கள் அறுவை மருத்துவருக்குக் காட்டி, அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள்.

மூட்டு ஊன்ற வேண்டும் என்ற எண்ணம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட காலத்திலிருந்து வந்தது. முழங்கால் மூட்டுகளில் பெரும்பாலானவற்றை எலும்புச் சிமெண்டு வைத்தே பொருத்துகிறார்கள். அது அறுவை மேசையிலேயே இறுகிவிடுகிறது. மறுநாளே முழு எடையையும் ஊன்றி நடக்க விடுவது அதனால்தான். இப்போது உங்கள் வீட்டில் இறுகிக்கொண்டிருப்பது மூட்டைச் சுற்றி வளரும் தழும்புத் திசு. முதல் மூன்று மாதங்களில் அது இன்னும் இளகிய நிலையில் இருக்கும். தினமும் எந்த அளவுக்கு இழுத்துக் கொடுக்கிறோமோ அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும், விட்டால் விட்ட இடத்திலேயே கெட்டிப்பட்டுவிடும். ஆகவே 85 இரண்டு வாரத்தில் 70 ஆனது எனக்கு வியப்பாக இல்லை.

எல்லோரும் மடங்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், நீங்களும் தலைப்பில் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட அந்த 12 டிகிரிதான் கவலை தருகிறது. சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 85, 90 வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ நூறை ஒட்டி வேண்டும். ஆனால் முழுதாக நீளாத கால் நிற்கும்போதும் நடக்கும்போதும் சற்று மடங்கியே இருப்பதால் தொடையின் முன்தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பத்து அடி நடப்பதற்குள் களைத்துப் போவார், நொண்டுவார், இடுப்பும் மறுகாலும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும்.

ஆகவே முதல் வேலையாக அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வலி குறைவதுபோல் தோன்றுவது உண்மைதான். மடங்கிய நிலையில் மூட்டுக்குள் நீருக்கு இடம் அதிகம், அதனால் இதமாக இருக்கும். அந்த இதத்துக்குக் கொடுத்த விலைதான் 12 டிகிரி. தலையணைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்; முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படியே பத்து நிமிடம் படுத்திருக்கட்டும். அந்த நேரத்தில் முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விடட்டும், பத்து முறை. அறுவைக்குப் பிறகு வீக்கமே தொடைத் தசையை உறங்க வைத்துவிடும். அம்மாவுக்கு வலு இல்லாமல் இல்லை, தசைக்குக் கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை; இந்தப் பயிற்சிதான் அதை எழுப்பும்.

மடக்குவதற்கு உயரமான நாற்காலியில் உட்கார வையுங்கள். பாதத்துக்குக் கீழே ஒரு துணியைப் போட்டு, தரையில் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். இனி முடியாது என்ற இடத்தில் நிறுத்திப் பத்து எண்ணட்டும். பிறகு பாதத்தை அங்கேயே வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தட்டும். அவருடைய எடையே காலை இன்னும் இரண்டு டிகிரி மடக்கிவிடும். கால்விரல் நின்ற இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நாற்காலியைத் தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். பாகைமானி தேவைப்படாது, கோடு பின்னால் போகிறதா என்று பார்த்தால் போதும். இன்னொருவர் பிடித்து மடக்குவதைவிட அவராகவே மடக்கும்போது பயம் குறைவு. பயம் குறைந்தால் தசையும் இறுக்கிப் பிடிக்காது.

மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுங்கள். வலி வந்த பிறகு கொடுப்பது பலர் செய்யும் தவறு. ஒருநாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அழவைப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நான்கைந்து முறை செய்வது மேல். செய்யும்போது வலிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

ராஜா அண்ணே, உங்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் ஆடுதசையில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து இருக்கிறது. உறைந்திருப்பது தெரியாமல் காலை உருவிவிட்டால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். தயவுசெய்து யாரையும் அனுப்ப வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன்: அண்ணனின் முழங்கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது?

மோல்மீன் லட்சுமி எழுதியது:

கழிப்பறைக்கு வருகிறேன் செல்வி. என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது நாங்களும் இதே திண்டாட்டத்தில்தான் இருந்தோம். தச்சரிடம் சொல்லி, குந்தும் பீங்கானுக்கு மேலே நிற்கும்படி நான்கு கால் மரச்சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் கடையில் வாங்கிய கமோடு இருக்கையைத் திருகாணி போட்டுப் பொருத்தினோம். உயரத்தை மட்டும் அவரவர் காலுக்கு அளந்து சொல்ல வேண்டும்: உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். சட்டத்தின் கால்களுக்கு ரப்பர் குப்பி போடாவிட்டால் ஈரத்தில் வழுக்கும். வலதுகைப் பக்கம் சுவரில் ஒரு கம்பியும் பதித்துவிடுங்கள்.

இடுப்புக்கும் முழங்காலுக்கும் விதி வேறு என்பதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன்; இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முழங்காலை மடக்கு மடக்கு என்கிறார்கள். அப்பாவுக்கோ பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்பதால், மூன்று மாதத்துக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மீறினால் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்திலிருந்து நழுவிவிடுமாம். இதில் அப்பாவுக்குப் பெரிய இழப்பு டீக்கடைதான். நம் ஊர் டீக்கடை முக்காலிகள் முழங்கால் உயரம்கூட இருக்காது. அதில் உட்கார்ந்தால் இடுப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். கடைக்காரர் நல்ல மனிதர், இரண்டு முக்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் போடுகிறேன் என்றார். அது ஆடும் என்று நான் தடுத்துவிட்டேன். கடைசியில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே வைத்துவிட்டோம். லுங்கி கட்டும் ஊராக இருந்தது ஒரு வசதி. குனியாமல் தலை வழியாகப் போட்டுக்கொள்ளலாம், காற்சட்டை போடும் வம்பே இல்லை.

தாம்வே ராஜா எழுதியது:

பிசியோ ஐயா கேட்டதற்காக இன்று அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உட்கார வைத்து மடக்கச் சொன்னால் நாற்காலியின் விளிம்பைத் தாண்டிப் பாதம் பின்னால் போகவில்லை. பேருந்தில் எப்போதும் ஓர இருக்கையில் உட்கார்ந்து காலை நடைவழியில் நீட்டிக்கொள்வார். அது அவர் பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அறுவை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி ஏதாவது செய்ய முடியுமா?

இயன்முறை யாங்கோன் எழுதியது:

பயிற்சியால் தொடைத் தசையின் வலுவைக் கூட்டலாம், நடை சீராகும். மூன்று ஆண்டு கழிந்த தழும்பை மடக்கிச் சரிசெய்வது அரிது. அறுவை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அண்ணனை அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போய்ப் பார்த்து எழுதியதற்கு நன்றி அண்ணே.

மாண்டலே ஓய்வாசிரியர் எழுதியது:

இந்த உரையாடலைப் படித்தபோது நம் நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. மாண்டலேப் பொது மருத்துவமனையில் எலும்பு அறுவைத் துறைக்குத் தலைவராக இருந்த டாக்டர் சான் பா, 1960 ஜனவரியில், தொடை எலும்பின் கழுத்து முறிந்த 83 வயதுப் பௌத்தத் துறவிப் பெண்மணி ஒருவருக்கு யானைத் தந்தத்தில் செதுக்கிய இடுப்பு மூட்டைப் பொருத்தினார். வெளிநாட்டு உலோக மூட்டுகள் விலை மிகுந்திருந்த காலம் அது. தந்தமோ இங்கேயே கிடைத்தது, செதுக்கும் கைகளும் இங்கேயே இருந்தன. அதன்பின் 300-க்கு மேற்பட்டவர்களுக்கு அவர் அப்படிச் செய்தார். 1969-இல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சங்கத்தின் முன் அதைப் பற்றி உரையாற்றவும் செய்தார். அவருடைய நோயாளிகள் குந்தி உட்கார்ந்தார்கள், மிதிவண்டி ஓட்டினார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அப்படியானால் செல்வியின் அம்மாவும் என்றாவது குந்த முடியுமா என்பது என் கேள்வி.

இயன்முறை யாங்கோன் எழுதியது:

ஐயா சொன்ன செய்தி எங்கள் துறையில் பெருமையோடு பேசப்படுவது. ஆனால் அவை முறிவுக்காகத் தொடை எலும்பின் பந்தை மட்டும் மாற்றிய அறுவைகள். கிண்ணம் அவர்களுடைய சொந்த எலும்பே. அதை முழு முழங்கால் மாற்றத்தோடு ஒப்பிட முடியாது. முழுதாகக் குந்துவதற்கு முழங்கால் 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். நன்றாகத் தேறியவர்களிலும் பெரும்பாலோர் 110, 120 அளவில் நிற்கிறார்கள். அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும் என்பது எங்கள் அனுபவம். சிலர் குந்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோணத்தில் பிளாஸ்டிக் பகுதியின்மேல் விழும் அழுத்தம் மிகுதி என்பதால் நான் யாரையும் அதற்கு ஊக்குவிப்பதில்லை. மரச்சட்டம் நிரந்தரமாக இருக்கட்டும்.

பசுண்டாவுங் செல்வி எழுதியது (ஆறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. தலையணையை எடுத்த முதல் இரவு அம்மா உறங்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. நான்காம் நாள் சாக்கட்டிக் கோடு இரண்டு விரல்கிடை பின்னால் போனதைப் பார்த்ததும், அவரே அடுத்த வேளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐஸ் வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, குளிர்ப்பெட்டியில் ஐஸ் உறைவதற்குள் போய்விடுகிறது. ஆகவே பால்கனிக் கயிற்றில் கூடையை இறக்கி, தெருவில் கட்டி ஐஸ் விற்பவரிடம் வாங்கி, உடைத்துப் பையில் போட்டுத் துண்டு சுற்றி வைக்கிறேன். இது சரியா? இன்னொரு சந்தேகம்: நேற்றிலிருந்து வலது ஆடுதசை கனமாக இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறார். பயிற்சியால் வந்த வலிதானே?

இயன்முறை யாங்கோன் எழுதியது:

ஐஸ் சரி, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தோலில் நேரடியாகப் படக் கூடாது.

ஆடுதசை வலியைப் பயிற்சி வலி என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, நீங்களும் அப்படி முடிவு கட்டாதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் காலின் இரத்தக் குழாய்க்கு டாப்ளர் பரிசோதனை (ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) செய்யுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை எந்தத் தேதியோடு முடிந்தது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

மாடிப்படிக்கு முறை இதுதான்: இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். கைப்பிடியை ஒரு கையிலும் தடியை மறுகையிலும் பிடிக்கட்டும். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. இறங்கும்போது நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். ஏறும்போதும் அவருக்குக் கீழேயே, பின்னால் வாருங்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

பசுண்டாவுங் செல்வி எழுதியது (அன்று இரவு):

பரிசோதனை முடிந்தது, இரத்தக் கட்டி இல்லை. தசைவலிதான் என்றார்கள். மூன்றாம் மாடிப் பாட்டியும் இரண்டாம் மாடிக்காரர்களும் நாற்காலி கொடுத்தார்கள். இறங்க இருபது நிமிடம், ஏற நாற்பது நிமிடம் ஆயிற்று, யாரும் தூக்கவில்லை. இரவு வீக்கம் கூடியது, காலை உயர்த்தி வைத்திருக்கிறேன்.

பகோ முத்து எழுதியது:

என் அத்தைக்கு அடுத்த மாதம் யாங்கோனில் இதே அறுவை. மடக்கிக் கொடுக்கும் மின்பொறி ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

இயன்முறை யாங்கோன் எழுதியது:

வேண்டாம் என்பதே என் கருத்து. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை, அந்தப் பொறியால் மடங்கும் அளவில் பொருட்படுத்தத்தக்க கூடுதல் பயன் இல்லை என்று காட்டியது. பொறி மடக்கும்போது தசை சும்மாதான் இருக்கும். அந்தப் பணத்தில் பிசியோ ஒருவரை வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே தொடைப் பயிற்சியைத் தொடங்குங்கள்; தரை விரிப்புகளை எடுத்துவிடுங்கள்; கட்டிலின் உயரத்தையும் கழிப்பறையையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். அவர் வீட்டுக்கு வந்த பிறகு தச்சரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பசுண்டாவுங் செல்வி எழுதியது (61-ஆம் நாள்):

இன்று சென்னை மருத்துவரோடு காணொளியில் பேசினோம். மடங்குவது 98, நீட்டும்போது குறைவது 4. மயக்கம் கொடுத்து மடக்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், 12-ஆம் வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். முழங்காலைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று அம்மா கேட்டார். சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும், ஆனால் சிவப்பேறினாலோ நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ யார் சொன்னாலும் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காமல் உடனே தமக்குத் தெரிவிக்கும்படி சொன்னார். அத்தையும் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடது முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் தொடங்கியதும், மழைக்காலம் முடியட்டும் என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

இப்போது வீட்டுக்குள் தடியோடுதான் நடக்கிறார். வாக்கர் சும்மா கிடக்கிறது. முத்து அண்ணனின் அத்தைக்குப் பயன்படுமானால் கயிற்றில் கட்டி இறக்கிவிடுகிறேன்.

பகோ முத்து எழுதியது:

மிக்க நன்றி தங்கச்சி. வியாழக்கிழமை என் மகன் யாங்கோனுக்கு வருகிறான், வாங்கிக்கொள்வான். அத்தை உங்கள் அம்மாவைவிட உயரம் குறைவு, எப்படிச் சரிசெய்வது?

இயன்முறை யாங்கோன் எழுதியது:

அத்தை வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடட்டும். மணிக்கட்டின் மடிப்பு நிற்கும் உயரத்தில் வாக்கரின் கைப்பிடி இருக்க வேண்டும்; பிடிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கும். நான்கு கால்களிலும் பொத்தானை ஒரே துளையில் அழுத்தி, சொடுக்கென்று விழுந்ததா என்று பாருங்கள். அடி ரப்பர்கள் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.